கதவில் ஒட்டிய சோறு

வீரபாண்டியன் இந்தத் தடவையும் பசை கொண்டுவரவில்லை. தலையாரி வேலையில் அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டப் போகிறவனுக்குப் பசை வேண்டும் என்பது மட்டும் புத்தியில் ஏறவே இல்லை. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"மதினி, ரெண்டு பருக்கை சோறு இருந்தாக் குடுங்க."

வேகாத வெயிலில் வந்திருக்கிறான், பசி போல என்று நினைத்தாள் சின்னத்தாயி. கொழுந்தன் முறை வேறு. தட்டில் சோறு போட்டு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி, ஓரத்தில் ஒரு மோர்மிளகாயையும் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அய்ய, கொழம்பு எதுக்கு மதினி? வெறுஞ்சோறு போதும்."

அப்போதுதான் அவன் அக்குளில் இடுக்கியிருந்த காகிதம் அவள் கண்ணில் பட்டது.

"மறுபடியுமா?"

"நான் என்ன செய்ய? தாசில்தார் ஆபீசுல குடுத்து விடுறாக. ஒட்டிட்டு செல்போன்ல படம் புடிச்சு அனுப்பணும். கதவு நம்பரும் சேந்து தெரியணும்ங்கிறாக."

குழம்பு படாத பக்கத்துச் சோற்றில் கொஞ்சம் எடுத்து விரலால் மசித்தான். காகிதத்தின் நாலு மூலையிலும் தடவிக் கதவில் அழுத்தினான். படம் பிடித்தான். பிறகு, சோற்றை வீணாக்கக் கூடாது என்று அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டான். சின்னத்தாயிக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கரண்டியாலேயே அவன் மண்டையில் போட்டிருக்கலாம். ஆனால் உண்கிறவனை எழுப்பிவிடுகிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. ஊற்றினாள்.

"அரிசி நல்லாருக்கு மதினி. எந்த மில்லு?"

"நீ ஒட்டியிருக்கியே, அந்தக் காயிதத்துல போட்டிருக்கிற மில்லுதான்."

வீரபாண்டியன் கையைக் கழுவிக்கொண்டு போனான்.

அவள் சொன்னது பொய்யில்லை. பக்கத்துப் புதுவயலில் இருக்கும் அந்த அரிசி ஆலை ஒரு காலத்தில் அவள் புருஷன் உடையப்பனுடையது. மகள் பெயரைப் போட்டு 'பாண்டீஸ்வரி மார்க்' என்று பை அச்சடித்து விற்றார். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த மறுவருடம், கேரளத்து வியாபாரி ஒருவன் லோடு லோடாக வாங்கிய அரிசிக்குக் காசு கொடுக்காமல் கடையைப் பூட்டிக்கொண்டு மறைந்தான். பேங்குக் கடன் ஒரு பக்கம், நெல் போட்ட ஊர்க்காரர்களின் பாக்கி ஒரு பக்கம், பை அரிசிக்கான வரி ஒரு பக்கம். கடைசியில் உடையப்பன் மஞ்சக் கடுதாசி கொடுத்தார். கடனைத் தீர்க்க என்னிடம் வழியில்லை, இருப்பதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர்.

கோர்ட்டு ஒரு ரிசீவரைப் போட்டது. ரிசீவர் ஆலையை விற்றார், வயலை விற்றார், லாரியை விற்றார். சட்டத்தில் சர்க்காருக்குத்தான் முதல் பந்தி. வரி பாக்கியை ஒரு பைசா குறையாமல் கட்டி ரசீது வாங்கினார். அடுத்தது பேங்கு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டி வழித்ததுதான் கிடைத்தது. அதோடு எல்லாக் கடனும் தீர்ந்தது, இனி இந்த மனிதரை யாரும் கேட்கக் கூடாது என்று கோர்ட்டு எழுதியும் கொடுத்துவிட்டது. சின்னத்தாயிக்கு அவள் அம்மா எழுதிவைத்த இந்த ஓட்டு வீடு மட்டும் தப்பியது. கட்டி முடித்த வரிக்கே, வீடு யார் பெயரில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், ஏல நோட்டீஸ் என்று அந்தக் கதவில்தான் இப்போது வருடா வருடம் சோற்றைத் தடவுகிறார்கள்.

உடையப்பன் தன் பழைய ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஏலத்தில் எடுத்த வெளியூர் முதலாளிக்கு அந்தப் பாய்லரின் குணம் பிடிபடவில்லை. விடிவதற்கு முன் போய் உமியைத் தள்ளிச் சூடேற்றுவார். தொட்டியில் ஊறிய நெல்லை அவித்துக் களத்தில் கொட்டினால் ஆவியும் புளித்த வாடையும் ஆளை மறைக்கும். பெண்கள் காலால் தள்ளித் தள்ளி நெல்லைக் காய வைப்பார்கள். பெயர் சொல்லி வேலை ஏவிய அதே பெண்களிடம் இப்போது, "ஆத்தா, இங்குட்டுக் கொஞ்சம் தள்ளிவிடு" என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உமித்தூள் நெஞ்சில் இறங்கி, வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று இருமுவார்.

அந்தச் சம்பளத்தில்தான் ஊர்க்காரர்களின் நெல் பாக்கியை அடைத்தார். சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதில்லை. வக்கீல்கூடத் திட்டினார். "சட்டம் கோர்ட்டுல இருக்கு. நான் இந்த ஊர்ல இருக்கணும்ல" என்றார் உடையப்பன். போன தை மாதத்தோடு கடைசி ஆளுக்கும் கொடுத்து முடித்தார்.

அன்று மதியம் வேலை விட்டு வந்தவர் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொல்லைக்குப் போய்க் கால் கழுவினார். குளிக்கிற மறைப்புக்குப் பழைய அரிசிப் பைகளைத் தைத்துக் கட்டியிருந்தாள் சின்னத்தாயி. மகளின் பெயர் வரிசையாக வெளுத்துத் தெரிந்தது.

"வெள்ளிக்கெழமை ஊர்க்கூட்டம். இன்னைக்குப் போயி இதைக் கொண்டாந்து ஒட்டியிருக்கான்" என்றார்.

"நான் கிழிச்சு அடுப்புல வச்சிர்றேன்."

"கிழிச்சா அதுக்கு ஒரு கேஸ் போடுவாக. போன தடவையே சொன்னாகள்ல."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக? கட்டுன வரியை எத்தனை தடவை கட்டுறது?"

உடையப்பன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரான கொன்றையூரணியில் அந்த வருடம் புரவி எடுப்பு. மண் குதிரைகளைத் தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகிற திருவிழா. அதற்கு ஒவ்வொரு குடும்பமும் தலைக்கட்டு வரி கொடுக்க வேண்டும். பெரிய தொகையில்லை, ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆனால் அந்த வரியை ஊர் வாங்கிக்கொண்டால்தான் அது ஊரோடு சேர்ந்த வீடு. வாங்காத வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் ஊர் வராது. மஞ்சக் கடுதாசி கொடுத்த வருடத்திலிருந்து உடையப்பன் கொடுத்த வரியை ஊர் வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அவருடைய அப்பா செத்துப்போனார். ஊரில் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. பிணம் வீட்டுக்குள் கிடக்க, உடையப்பன் புதுவயலுக்கு ஓடினார். மூட்டை தூக்குகிற பீகார்க்காரர்கள் நாலு பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து பாடை தூக்கினார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒவ்வொரு முக்கிலும் நின்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன உடையப்பன், "அங்குட்டு, அங்குட்டு" என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். தன் சாவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஆசை.

சாயங்காலம் அம்பலகாரர் சேவுகப்பெருமாளைப் பார்க்கப் போனார். ஊர் வரியை வாங்குகிறவர் அவர்தான். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"வா உடையப்பா. நெல்லுக்காசை அம்புட்டுப் பேருக்கும் குடுத்துட்ட. நாக்கு மேல பல்லைப் போட்டு எவனும் உன்னையப் பேச முடியாது. இந்த வருசம் வரி வாங்குறதுன்னு நாங்களும் பேசி வச்சிருந்தோம்."

"வச்சிருந்தோம்னா? இப்ப இல்லையா மாமா?"

"கதவுல ஏலக் காயிதம் ஒட்டியிருக்காமுல்ல. சர்க்காரு ஏலம் போடுற வீட்டைத் தலைக்கட்டுல வச்சா, நாளைக்கு அந்தப் பாக்கிக்கு ஊரு ஜாமீன்ங்கிற மாதிரி ஆயிரும்னு பயப்படுறாக. கோயில் காசு பேங்குல கெடக்கு. அதுல கை வச்சுட்டா?"

"அது பொய்ப் பாக்கி மாமா. ரசீது இருக்கு."

"நான் நம்புறேன். ஊருக்கு ரசீதா படிக்கத் தெரியும்? ஒட்டுனதுதான் கண்ணுக்குத் தெரியுது. அந்தக் காயிதம் எறங்கிருச்சுன்னா, உன் பேரை நானே கூப்புடுறேன்."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வரி ஆபீசுக்குப் போனார். கோபிநாத் என்கிற இளைஞன் அங்கே புதிதாக வந்திருந்தான். மரியாதையானவன். நாற்காலி போட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, காகிதங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தான்.

"ஐயா, ரிசீவர் கட்டினது உண்மை. சலான் உங்ககிட்டயும் இருக்கு, எங்ககிட்டயும் இருக்கு."

"பெறகு எதுக்குத் தம்பி நோட்டீசு?"

"பணம் உங்க பழைய வரிப்பதிவு நம்பர்ல வரவாகியிருக்கு. பாக்கி, கம்ப்யூட்டருக்கு மாத்தினப்ப போட்ட புது நம்பர்ல நிக்குது. ரெண்டையும் சேர்த்துவிட எனக்கு அதிகாரம் இல்ல. சென்னையிலதான் செய்யணும். இந்த மாதிரி பாக்கியை நீக்குற தள்ளுபடிப் பட்டியல்ல உங்க பேர் போயிருக்கு."

"போன வருசமும் இதையேதான சொன்னீக."

"முன்னாடி இருந்தவர் மாறிப் போயிட்டார் ஐயா. அவரும் எழுதினார். நானும் எழுதியிருக்கேன்."

"சரி, தப்புன்னு தெரிஞ்சும் நோட்டீசு அனுப்புறது யாரு?"

கோபிநாத் சங்கடமாகச் சிரித்தான். "யாரும் அனுப்பல ஐயா. அதுவா போகும். பாக்கி நிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டரே எடுத்து அனுப்பிரும்."

திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத ஆபீஸாக இருந்தது. கத்திக் கூப்பாடு போடலாம் என்று வந்தவர், அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப் போனார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தக் காயிதம் கதவை விட்டு எறங்கணும் தம்பி. என்ன செஞ்சா எறங்கும்?"

கோபிநாத் தயங்கினான். "பத்துல ஒரு பங்கு கட்டினா, தவணையில கட்டிட்டு வர்றார்னு பதிவாகும். தாசில்தார் ஆபீஸ்ல நடவடிக்கையை நிறுத்திருவாங்க. ஆனா நான் கட்டச் சொல்ல மாட்டேன் ஐயா. உங்களுக்குப் பாக்கியே கிடையாது. கட்டினா திரும்ப வாங்குறதும் கஷ்டம்."

அவன் சொன்னதில் கடைசி மூன்று வாக்கியங்களும் உடையப்பன் காதில் விழுந்தன. மனதில் நின்றவை முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும்தான். கடன் கேட்டு வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாமல் கொஞ்சமாவது கொடுத்து வாயை அடைப்பதுதான் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. உடையப்பனும் ஊர்க்காரர்களின் கோபத்தை அப்படித்தான் தணித்தார். மனிதர்களிடம் செல்லுபடியான வித்தை, இங்கேயும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிட்டார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு சொத்து, கறவை மாடு. இரண்டு வேளைப் பாலை டீக்கடைக்கு ஊற்றித்தான் சின்னத்தாயி குடும்பம் ஓட்டினாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தவிட்டு வாளியை நங்கென்று கீழே வைத்தாள்.

"இல்லாத கடனுக்கு இருக்கிற மாட்டை விக்கிறதா? உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"காயிதம் எறங்குனாத்தான் ஊரு சேக்கும்."

"சேக்காட்டிப் போகட்டும்! இத்தனை வருசம் எவன் வந்து நமக்குக் கஞ்சி ஊத்துனான்? அவுக நெல்லுக்காசு குடுத்தாச்சு, கும்பிடு போட்டாச்சு, இன்னும் என்ன அவுக கால்ல விழுகுறது?"

"எங்கப்பனை யாரு தூக்குனா, சொல்லு."

அவள் வாளித் தவிட்டைக் கையால் கலக்கினாள்.

"சொல்லு தாயி. வழி தெரியாத ஆளுக தூக்கிட்டுப் போனாக. நாலு தெருவுலயும் கதவை அடைச்சுக்கிட்டாக. மில்லு போச்சு, வயலு போச்சு, நான் அழுகல. அன்னைக்கு அழுதேன். எனக்கு நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு. நாளைக்கே நான் போயிட்டா நீ எங்க போயி ஆள் புடிப்ப?"

சின்னத்தாயி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். நெடுநேரம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். "கன்னுக்குட்டியையும் சேத்தே குடுத்துருங்க. அது மட்டும் இருந்தாக் கத்தும்" என்றாள்.

மறுநாள் காலையில் கறந்த பாலை அவள் டீக்கடைக்கு அனுப்பவில்லை. முழுதையும் காய்ச்சி இருவரும் டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். பத்து மணிக்குப் புதுவயல் தரகர் வந்து மாட்டையும் கன்றையும் வண்டியில் ஏற்றினார்.

பணம் கட்டிய மறுநாளே வேலை நடந்தது. சர்க்கார் இவ்வளவு சுறுசுறுப்பானது என்று உடையப்பனுக்கு அதுவரை தெரியாது. வீரபாண்டியனே வந்து காகிதத்தைப் பிய்த்தான். காய்ந்த சோற்றை அரிவாள் நுனியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தும் விட்டான். அவனுக்கும் சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. உடையப்பன் வெளுத்த வேட்டி கட்டிக் கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தை ஒட்டி நின்றார். சேவுகப்பெருமாள் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடுவில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "உடையப்பன்" என்றார்.

பல தலைகள் பின்னால் திரும்பின. பிறகு ஒரு குரல், "அங்கிட்டே நின்னா எப்புடி? இங்குட்டு வாங்கண்ணே" என்றது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். வெற்றிலைத் தட்டில் பணத்தை இரண்டு கையாலும் வைத்தார். வீட்டுக்கு வந்து, "வாங்கிட்டாக தாயி" என்று மட்டும் சொன்னார். சின்னத்தாயி அன்றைக்குக் கருப்பட்டி போட்டுப் பணியாரம் சுட்டாள்.

ஆனி மாதம் புரவி எடுப்பில் அவரும் ஒரு குதிரைக்குத் தோள் கொடுத்தார். வேண்டாம், இருமல் ஆள் என்று சொன்னவர்களை அவர் கேட்கவில்லை. கண்மாய்க்கரை ஏறும்போது மூச்சு முட்டிக் கண் இருண்டது. பின்னால் வந்தவன் தோள் மாற்ற வந்தான்; கொடுக்க மறுத்துவிட்டார். கோயில் வாசலில் குதிரையை இறக்கியபோது, ஊர்க்காரர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். அந்த ஒரு நாளுக்கு அந்த மாடு தகும் என்று அவர் நினைத்தார். நான் என்ன சொல்ல, அன்றைக்குப் பார்த்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம் வீரபாண்டியன் வந்தான். குரல் கொடுக்கவில்லை. சின்னத்தாயி சத்தம் கேட்டு வந்து பார்த்தபோது, கையில் பசை டப்பாவோடு கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். காகிதம் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.

"சாப்புட்டியா?" என்றாள்.

"ஆச்சு மதினி" என்று பொய் சொல்லிவிட்டு, படம் பிடிக்கக்கூட மறந்து போய்விட்டான். பிறகு பாதி வழியில் திரும்பி வந்து பிடித்துக்கொண்டு போனான்.

உடையப்பன் வந்ததும் கோபிநாத்துக்குப் போன் போட்டார். அவன் விவரம் பார்த்துச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். பேசும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஐயா, நீங்க ஒரு பங்கு கட்டினீங்கல்ல. அதனால பாக்கி உண்டுன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டாங்க. தள்ளுபடிப் பட்டியல்லேர்ந்து பேரை நீக்கிட்டாங்க. அடுத்த தவணை கட்டலைன்னு இப்ப நோட்டீஸ். அந்தப் பட்டியல் போன வாரம்தான் பாஸாச்சு. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது ஐயா."

"கட்டாம இருந்திருந்தா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க தம்பி. கட்டாம இருந்திருந்தா?"

"போன வாரத்தோட முடிஞ்சிருக்கும் ஐயா."

உடையப்பன் போனைச் சட்டைப் பையில் போட்டார். "என்னவாம்?" என்று கேட்ட சின்னத்தாயியிடம் சொல்லவும் செய்தார். அவள் எழுந்து போய், காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்தாள். அங்கே கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் போய் வாரியலைப் பிடுங்குகிற வரைக்கும் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் சேவுகப்பெருமாள் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. மடியிலிருந்து வெற்றிலையில் சுற்றிய தலைக்கட்டு வரிப் பணத்தை எடுத்து நீட்டினார்.

"என்னையத் தப்பா நெனைக்காத உடையப்பா. பேசிப் பாத்துட்டேன். இளவட்டப் பயலுகதான் ரொம்பக் குதிக்கிறானுக. காயிதம் எறங்கட்டும், அடுத்த எடுப்புக்குப் பாத்துக்கலாம்."

"சாமிக்குக் குதிரை தூக்கிட்டேன் மாமா."

"தூக்குன. நான் பாத்தேன். சாமி ஏத்துக்கிருச்சு. ஊரு ஏத்துக்கல, நான் என்ன செய்ய?"

சின்னத்தாயி உள்ளிருந்தே கத்தினாள். "அடுத்த எடுப்பு வரைக்கும் இவுக இருக்கணும்ல! அதை யாருகிட்டக் கேக்குறது, அதையும் கம்ப்யூட்டர்கிட்டயா?"

சேவுகப்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டு போனார். பணத்தை உடையப்பன் வீட்டில் வைக்கவில்லை. வெற்றிலையோடு இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரம். காற்றில் உமி பறந்து கண்ணைக் கரித்தது. லாரி நிழலில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்து ரொட்டியும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார்கள். உடையப்பன் போய் நாராயண் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் அவன்தான். இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது.

"என்ன அண்ணே இது?"

"வச்சுக்க. எல்லாருமா டீ குடிங்க."

"எதுக்கு அண்ணே?"

"எங்கப்பனைத் தூக்குனீகல்ல. என்னையும் நீங்கதான் தூக்கணும். வழி உனக்குத் தெரியும்."

நாராயண் மற்றவர்களிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னான். அவர்கள் தின்பதை நிறுத்திவிட்டு உடையப்பனைப் பார்த்தார்கள். ஒருவன் விரல் விட்டு மாதம் எண்ணி எதையோ நினைவுபடுத்தினான். நாராயண் தலையாட்டிவிட்டு இவர் பக்கம் திரும்பினான்.

"சரி அண்ணே, தூக்குறோம். ஆனா தீபாவளி முடிஞ்சு சட் பூஜைக்கு நாங்க எல்லாம் ஊருக்குப் போயிரும். ஒரு மாசம் இங்க ஆள் இருக்காது. அந்த டைம் மட்டும் வேணாம் அண்ணே."

"சரிப்பா" என்றார் உடையப்பன். "அந்த ஒரு மாசம் எப்புடியாச்சும் இருந்துக்கிறேன்."